சேமியா ஐஸும் நம்ம கொசுவத்தியும்

முதல்ல ஒரு வாக்குமூலம். சில மாசத்துக்கு முன்னாடி இதே பக்கத்துல சேமியா ஐஸைப் பத்தி ஒரு கொசுவத்திப் பதிவு போட்டிருந்தேன். படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். படிக்காதவங்க கவலைப்பட வேண்டாம், நீங்களும் அதையேதான் எழுதியிருப்பீங்க. பள்ளிக்கூட வாசல், உச்சி வெயில், சைக்கிள் கேரியர்ல ஒரு பெட்டி, பாம் பாம்னு ரப்பர் ஹாரன், மூடியைத் தூக்கினா கிளம்புற புகை, நுனியில ஒட்டிக்கிட்டிருக்கிற நாலு சேமியா, முழங்கை வரைக்கும் வழியிற ஆரஞ்சுக் கலர். கடைசி வரியில "அந்தக் காலம் திரும்ப வருமா"ன்னு ஒரு கேள்வி, பின்னாடி மூணு புள்ளி.

வழக்கமா என் பதிவுக்கு நாலு பின்னூட்டம் வரும். அதுல ரெண்டு நானே போடுற "வருகைக்கு நன்றி". இதுக்கு மட்டும் நாப்பத்திரெண்டு! சிட்னியில இருந்து ஒருத்தர் கண்ணு கலங்கிடுச்சுன்னார். இன்னொருத்தர் "கலப்படம்னா என்னன்னே தெரியாத காலம் அது"ன்னார். "ஏழை பணக்காரன் வித்தியாசமில்லாம ஒரே ஐஸைச் சப்புன கடைசித் தலைமுறை நாமதான்"னு ஒரு அக்கா. "இப்ப இருக்குற புள்ளைங்க பாவம்"னு அதுக்கு நாலு பேர் வழிமொழிஞ்சாங்க. நான் எல்லாருக்கும் ஒரு ஸ்மைலி போட்டுட்டு நிம்மதியாத் தூங்கிட்டேன்.

மறுநாள் ஊர்ல இருந்து போன். வாசுதேவநல்லூர்ல என்கூட ஆறாம் கிளாஸ்ல இருந்து பன்னெண்டாம் கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்தவன்.

"ஏல, ஐஸ் பதிவு படிச்சேன்."

"எப்படி மக்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான் எழுதியிருக்க. எங்கப்பா பேரு என்னன்னு தெரியுமால உனக்கு?"

தெரியலை. ஏழு வருஷம் ஒரே பெஞ்சு. அவங்க அப்பாதான் அந்த ஐஸ்காரர். ஹாரனுக்கு ஒரு பத்தி, புகைக்கு ஒரு பத்தி, வழியிற கலருக்கு ரெண்டு பத்தி எழுதின எனக்கு, பெட்டிக்குப் பின்னாடி நின்ன மனுசரைப் பத்தி எழுதக் கிடைச்சது "ஐஸ்கார அண்ணாச்சி"ங்கிற ரெண்டு வார்த்தைதான்.

அவன் சண்டை போடலை. சண்டை போட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்திட்டு மறந்திருப்பேன். ஒரு மணி நேரம் சாவகாசமாப் பேசினான். அதுல இருந்து எனக்கு நம்ம கொசுவத்திப் பதிவுகள் மேலயே ஒரு கடுப்பு. என்னுதும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க அனுப்பலாம், ஏற்கெனவே ஒண்ணு வந்துட்டுப் போயாச்சு :-)

மொதல்ல இந்தக் "கலப்படமில்லாத காலம்" கதைக்கு வர்றேன். நான் ஐஸ் தின்ன காலம் 2003ல இருந்து 2008, 2009 வரைக்கும். அப்ப எங்க ஊரு திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பர்லதான் தென்காசி மாவட்டம் ஆச்சு. ஐஸ் வந்தது ஐஸ் கம்பெனியில இருந்து. கம்பெனின்னதும் பெருசா கற்பனை பண்ணிடாதீங்க. தகர ஷெட்டு, ஒரு கம்ப்ரசர், ஒரு தொட்டி நிறைய உப்புத் தண்ணி. உப்பு கலந்த தண்ணி சைபர் டிகிரிக்குக் கீழ போனாலும் உறையாது. கெமிஸ்ட்ரியில ஒரு பேர் வச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க, நான் பரீட்சைக்கு எழுதிட்டு மறந்துட்டேன். அந்தக் கடுங்குளிர் உப்புத் தண்ணிக்குள்ள வரிசையா தகர அச்சை இறக்குவாங்க. அச்சுக்குள்ள கலர், எசன்ஸ், இனிப்பு, தண்ணி. குச்சியைச் சொருகி உறைய விட்டு, அப்புறம் அச்சைச் சாதாத் தண்ணியில ஒரு முக்கு முக்கினா ஐஸ் கழண்டு கையில வரும். உப்புத் தண்ணி கொஞ்சம் உள்ள தெறிச்சா அந்த ஐஸ் கரிக்கும். எத்தனை கரிச்ச ஐஸை நாம "மேங்கோன்னா இப்படித்தான் இருக்கும்போல"ன்னு தின்னிருக்கோம்!

இனிப்புக்கு வருவோம். எங்க ஊர்லயே சர்க்கரை ஆலை உண்டு. கரும்பு ஏத்திட்டு வர்ற டிராக்டர் மெதுவாப் போற இடமாப் பாத்து ஓடிப்போய் ஒரு கழியை உருவுறதுதான் எங்க காலத்துல காசில்லாத பலகாரம். அப்படிப்பட்ட ஊர்ல, ஐஸைத் தின்னு முடிச்சப்புறம் நாக்கோட அடியில ஒரு கசப்பு நிக்கும் பாருங்க, அது சாக்கரின். சர்க்கரை விக்கிற விலைக்கு ஒரு ரூபா ஐஸுல சர்க்கரையை எங்க இருந்து போடுறது? பால் ஐஸுல பால் எவ்வளவுன்னு நண்பன்கிட்ட கேட்டேன். "பால் இருந்த பாத்திரத்தைக் கழுவுன தண்ணின்னு வச்சுக்கோ"ன்னான். அவன் கொஞ்சம் நக்கல் புடிச்சவன், பாதியாக் குறைச்சு எடுத்துக்குங்க.

இன்னிக்கு விக்கிற ஐஸ்கிரீம் எல்லாம் போலி, பாமாயில்னு எழுதுறவங்களுக்கு ஒண்ணு. பாமாயில் இருக்கிறது நிஜம்தான். ஆனா அந்த டப்பாவுல "ஃப்ரோஸன் டெசர்ட்"னு போட்டிருக்கும். இன்னிக்கு உள்ள உணவுப் பாதுகாப்பு விதிப்படி, வெறும் "ஐஸ்கிரீம்"னு பேர் போட்டு விக்கணும்னா குறைஞ்சது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்கணும். தாவர எண்ணெய் சேர்த்தா அந்தப் பேரைப் போட முடியாது. இந்த வித்தியாசத்துக்காகப் பெரிய கம்பெனிங்க கோர்ட்டு வரைக்கும் போய் அடிச்சுக்கிட்டாங்க. 2017ல அமுல் தன்னோட விளம்பரத்துல ஃப்ரோஸன் டெசர்ட்ல இருக்கிறது வனஸ்பதின்னு காட்ட, ஹிந்துஸ்தான் யூனிலீவர் பாம்பே ஹைகோர்ட்டுக்குப் போய் அந்த விளம்பரத்துக்குத் தடை வாங்கிச்சு. யாரு நல்லவன்ங்கிற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். டப்பாவைத் திருப்பிப் படிச்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியும்ங்கிறது மட்டும்தான் என் பாயின்ட். நம்ம சேமியா ஐஸைத் திருப்பினா இன்னொரு பக்கமும் சேமியாதான் இருந்துச்சு.

இது கலப்படத்துக்குக் கொடி புடிக்கிற பதிவு இல்லீங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கு. "அந்தக் காலத்துல எழுதினது, மலை மாதிரி நின்னு ஓடுச்சு"ன்னு சீனியர்ஸ் உருகுவாங்க. விசாரிச்சுப் பாத்தா, அப்படி உருகுறவர் ஒருத்தர்கூட ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்-கால்ல எந்திரிச்சவர் இல்லை. எந்திரிச்சவங்களைக் கேட்டா கெட்ட வார்த்தைதான் வரும். ஐஸ் கதையும் அந்த மாதிரிதான். கரிச்சா நமக்கு அது ஒரு ரூபா விளையாட்டு. "என்ன அண்ணாச்சி கரிக்கி"ன்னு திட்டு வாங்கினவருக்கு அப்படி இல்லை.

அடுத்தது "ஏழை பணக்காரன் வித்தியாசமில்லாம". இதுல எனக்குக் கோவமே வருது.

ஐஸ் நம்ம ஊருக்கு வந்தப்பவே எல்லாருக்கும் வரலை. 1833ல அமெரிக்காவுல இருந்து கப்பல்ல கல்கத்தாவுக்கு ஏரி ஐஸ் வந்துச்சு, ஃப்ரெடரிக் டியூடர்னு ஒரு வியாபாரி அனுப்பினது. அந்த ஐஸைப் பத்திரமா வைக்க 1842ல மெட்ராஸ் கடற்கரையில கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். இப்ப விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அதே வட்டக் கட்டடம். குடிச்சது யாருன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுக்கப்புறம் மிஷின்ல ஐஸ் வந்து, குச்சி ஐஸ் வந்து, தெருவுக்கு வர ரொம்ப காலம் ஆச்சு. அருண் ஐஸ்கிரீம் ஆரம்பிச்ச சந்திரமோகன் எங்க பக்கத்து விருதுநகர் மாவட்டம் திருத்தங்கல்காரர். 1970ல சென்னை ராயபுரத்துல 13,000 ரூபா முதலோட அவர் தொடங்கினதும் தள்ளுவண்டி குச்சி ஐஸ்தான். தெருவுல இருந்து பார்லருக்கு ஏறிப்போனவங்க கதை நமக்குப் புடிக்கும். ஏறாம தெருவிலயே நின்னவங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க, அவங்களைப் பத்தி யாரும் புத்தகம் போடலை.

எங்க தெருவுல ஐஸ் வாங்க மூணு வழி. ஒண்ணு, காசு. ரெண்டாவது, பழைய இரும்பு, பிளாஸ்டிக், காலி பாட்டில். மூணாவது, வாங்கினவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கிறது. மூணாவது ஆளுங்க எல்லா கிளாஸ்லயும் இருந்தாங்க. "ஒரு கடி குடுல"ன்னு கேட்டு, கடிச்ச இடத்துல எச்சின்னு திட்டு வாங்கி, அதையும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவாங்க. அவங்க யாரும் என் பதிவுக்குப் பின்னூட்டம் போடலை பாத்தீங்களா? நான் இப்பதான் பாத்தேன்.

பார்லருக்கும் வர்றேன். எங்களுக்குப் பார்லர்னா தென்காசிதான். பஸ்ல புளியங்குடி, கடையநல்லூர் தாண்டிப் போகணும். கண்ணாடிக் கதவு, உள்ள இருட்டு, ஏசி, "ஃபேமிலி ரூம்"னு ஒரு போர்டு, உயரமான கண்ணாடி கிளாஸ்ல ஃப்ரூட் சாலட் வித் ஐஸ்கிரீம், கலர் கலரா அடுக்கி வச்ச கசாட்டா. பத்தாம் கிளாஸ் ரிசல்ட்டுக்கு எங்கப்பா கூட்டிட்டுப் போனார். நண்பனையும் கூப்பிட்டேன். அவன் மார்க் என்னைவிட அதிகம். "எனக்கு ஐஸ் புடிக்காதுல"ன்னான். நானும் அப்படியே நம்பிட்டேன்! ஐஸ்காரர் மகன், தின்னு தின்னு சலிச்சுப் போச்சுபோலன்னு நினைச்சேன்.

இந்தப் போன்லதான் கணக்குச் சொன்னான். கம்பெனியில அறுபது பைசாவுக்கு எடுத்து ஒரு ரூபாய்க்கு விக்கிறது. மிஞ்சி உருகினது கம்பெனி கணக்குல வராது, நம்ம தலையில. ஒரு ஐஸுக்கு நாப்பது பைசா லாபம். மகன் ஒண்ணை எடுத்துத் தின்னா அறுபது பைசா போச்சு, அதாவது ஒண்ணரை ஐஸ் வித்த லாபம். அதனால வீட்டுல சட்டம், பெட்டியில கை வைக்கக் கூடாது. சாயங்காலம் திரும்பி வரும்போது பெட்டி அடியில குச்சியும் கலர்த் தண்ணியுமா மிஞ்சியிருக்கும், அதை டம்ளர்ல ஊத்தி அவனும் தங்கச்சியும் குடிப்பாங்க. "அதுல எல்லா ஃபிளேவரும் இருக்கும்ல, உங்களுக்குக் கிடைச்சிருக்காது"ன்னு சிரிக்கிறான்.

இன்னொண்ணு சொன்னான், அதைக் கேட்டப்புறம் குத்தாலம் போட்டோ எதைப் பாத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்குக் குத்தால சீசன்னா பெருமை. ஜூன் பொறந்தா சாரல், ஐந்தருவி, பழைய குத்தாலம், எண்ணெய்க் குளியல், ரோட்டோரத்துல ரம்புட்டானும் மங்குஸ்தானும். நானே மூணு பதிவு போட்டிருக்கேன். வாசுதேவநல்லூருக்குச் சாரல் பெருசா வராது. ஆனா மேகம் மூடிக்கும், மலையில இருந்து மேகாத்து அடிக்கும், வெயில் இருக்காது. ஐஸ் விக்காம இருக்க அது போதும். "ஊருக்கெல்லாம் சீசன் ஆரம்பிச்சா எங்க வீட்டுல சீசன் முடிஞ்சுதுன்னு அர்த்தம்"னான். பள்ளிக்கூடம் தொறக்கிறதும் ஜூன், யாவாரம் படுக்கிறதும் ஜூன். அந்த மேகாத்துக்கு எதிரா ஐஸ் பெட்டியோட சைக்கிள் மிதிச்சுப் பாருங்க, தெரியும். ஆகஸ்ட், செப்டம்பர் ஒருமாதிரி போகும், அப்புறம் ஐப்பசி மழை. ஆக, வருஷத்துல நல்ல யாவாரம்னா மாசியில இருந்து வைகாசி வரைக்கும் நாலு மாசம். அதுவும் மே மாசம் பள்ளிக்கூடம் லீவு, அதனால நெற்கட்டும்செவல், மலையடிவாரத் தோப்புன்னு ஊர் ஊரா மிதிக்கணும். மிச்ச மாசத்துக்குப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுல மூட்டை தூக்குவார். சில வருஷம் செங்கோட்டை தாண்டி கேரளாவுக்கு வேலைக்குப் போயிடுவார். நாங்க என்னடான்னா "என்னல, ஐஸ்காரரை ரெண்டு மாசமாக் காணும்"னு கேட்டுட்டு கமர்கட்டுக்கு மாறிட்டோம். அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தான், ஒண்ணும் சொல்லலை.

சரி, அதெல்லாம் சின்ன வயசு, அப்ப நமக்கு என்ன தெரியும்னு தப்பிச்சுக்கலாம். நானும் தப்பிக்கத்தான் பாத்தேன். ஆனா பெரிய ஆளான பிறகு என்ன பண்ணினோம்?

2020 மார்ச். வருஷத்துல உள்ள நாலு நல்ல மாசத்துல ரெண்டாவது மாசம். "ஐஸ்கிரீம், சில்லுன்னு எதுவும் சாப்பிடாதீங்க, கொரோனா வரும்"னு யுனிசெஃப் சொன்னதா வாட்ஸப்புல ஒண்ணு சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? நாங்க அப்படிச் சொல்லவே இல்லைன்னு யுனிசெஃப் அந்த மாசமே மறுத்துச்சு. மறுப்பை யாரு ஃபார்வர்ட் பண்ணினா? மொதல் மெசேஜை எங்க பேட்ச் குரூப்புல போட்டவன் ஒரு "90ஸ் கிட்ஸ்" பக்கம் நடத்துறவன், தேன் மிட்டாய் படம் போட்டு லைக் வாங்குறவன். அதை எங்கம்மாவுக்கு அனுப்பினவன் நான். எங்கம்மா தெருவுல நாலு வீட்டுக்குச் சொல்லியிருப்பாங்க. மார்ச் 25ல லாக்டவுன் வந்து எல்லாமே நின்னுதுங்கிறது வேற விஷயம், அதுக்கு முன்னாடியே அவருக்கு யாவாரம் நின்னுபோச்சு. அடுத்த வருஷம் 2021லயும் சரியா மே மாசம் லாக்டவுன். ரெண்டு வருஷ சீசன் போச்சு. அதோட அந்தப் பெட்டி ரோட்டுக்கு வரலை. எனக்கு அது தெரியாது. நான் வீட்டுல இருந்து பொட்டி தட்டிக்கிட்டு, சம்பளம் முழுசா வாங்கிக்கிட்டு, அந்த லாக்டவுன்லதான் சின்ன வயசு ஞாபகத்தை எல்லாம் எழுத ஆரம்பிச்சேன்.

இன்னொரு விஷயம் தேடும்போது கண்ணுல பட்டுச்சு. ஜிஎஸ்டி 2017ல வந்தப்ப, சின்ன தயாரிப்பாளர்களுக்குக் காம்போசிஷன்னு ஒரு வசதி வச்சாங்க. விற்பனையில சின்னதா ஒரு சதவீதத்தைக் கட்டிட்டுக் கணக்கு வழக்குல இருந்து ஓரளவு தப்பிச்சுக்கலாம். அந்த வசதி கிடையாதுன்னு தள்ளி வச்சவங்க பட்டியல்ல யார் யார்னு பாத்தா பான் மசாலா, புகையிலை, அப்புறம் ஐஸ்கிரீமும் மத்த தின்கிற ஐஸும்! குச்சி ஐஸ் போடுற தகர ஷெட்டும் குட்கா கம்பெனியும் ஒரே வரியில. இருபது லட்சத்துக்குள்ள வியாபாரம் பண்ற ரொம்பச் சின்ன ஆளுக்குப் பதிவே வேண்டாம்தான். ஆனா அதைக் கொஞ்சம் தாண்டின ஐஸ் கம்பெனி, பெரிய கம்பெனியோட அதே 18 சதவீதத்துல நிக்கணும். டெல்லியில சின்ன ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்கள் சங்கம் கேஸ் போட்டு, 2021ல ஹைகோர்ட்டே இதை மறுபடி யோசிங்கன்னு ஜிஎஸ்டி கவுன்சிலுக்குச் சொல்லிச்சு. 18 சதவீதம் 5 ஆகுறதுக்கு 2025 செப்டம்பர் 22 வரைக்கும் ஆச்சு. இந்த எட்டு வருஷத்துல "சேமியா ஐஸ் எங்கே போனாய்"ங்கிற ரகத்துல நான் படிச்ச பதிவுகளுக்குக் கணக்கே இல்லை. ஒருத்தர்கூட, நானும்தான், அது எங்க போச்சுன்னு போய்ப் பாக்கலை. எங்கயும் போகலீங்க, பான் மசாலாவுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சு.

இதுக்கு நடுவுல பெரிய கம்பெனிங்க கடைக்குக் கடை ஃப்ரீஸர் பெட்டி வச்சாச்சு. அந்தப் பெட்டிக்குள்ள அவங்க சரக்கைத் தவிர வேற வைக்கக் கூடாது. அப்புறம் ஊர் ஐஸ் எங்க போய் உறையும்? ஆனா அதே சேமியா ஐஸ் செத்துப் போகலை, பெங்களூர்ல உயிரோட இருக்கு. போன தடவை ஒரு மால்ல பாத்தேன், பேர் வேண்டாம். சுவத்துல கோலி சோடா படம், சைக்கிள் டயர், டைனோரா டிவி, கவுன்ட்டர்ல நிஜமான ரப்பர் ஹாரன். சேமியா ஐஸ் தொண்ணூறு ரூபா, டாக்ஸ் தனி. ஐஸ் நல்லாருந்துச்சு, சும்மா சொல்லக்கூடாது. சாக்கரின் கசப்பு இல்லை, நெய்யில வறுத்த சேமியா. ஹாரனை அமுக்கி செல்ஃபி எடுத்துக்கிட்டேன். அந்த செல்ஃபிதான் என்னோட பழைய பதிவுக்கே காரணம். பெட்டி வந்துச்சு, ஹாரன் வந்துச்சு, ஐஸ் வந்துச்சு, ஐஸ்காரரை மட்டும் யாரும் மாலுக்குள்ள கூட்டிட்டு வரலை.

உடனே ஒரு கோஷ்டி வரும்: "நாங்க அப்பவே சொன்னோம்ல, அது சாக்கடைத் தண்ணி, புழு இருக்கும், பொறுக்கின குச்சி"ன்னு. எங்கம்மா உட்பட எல்லா அம்மாவும் சொன்ன கதை. சுத்தம் முக்கியம்தான். லண்டன்ல இத்தாலிக்காரங்க தெருவுல ஐஸ்கிரீம் வித்தப்ப சின்னக் கண்ணாடிக் குப்பியில ஊத்திக் கொடுப்பாங்களாம், நக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கணும், அதையே அடுத்த ஆளுக்கு. காசநோய் பயத்துல 1899ல அந்தக் குப்பியைத் தடை பண்ணினாங்க. தடை பண்ணினது குப்பியை. அப்புறம் கோன் வந்துச்சு, தெருவுல ஐஸ்கிரீம் விக்கிறது நிக்கலை. நம்ம ஊர்ல நல்ல தண்ணி கொடுக்குறதுக்கு முன்னாடியே வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. தெருவோர வியாபாரிகளைக் காப்பாத்த 2014ல மத்திய அரசு சட்டமே போட்டுச்சு, தலையில சுமந்து விக்கிறவங்க, சைக்கிள்ல விக்கிறவங்களும் அதுக்குள்ள வருவாங்க. இது நண்பனுக்கே தெரியாது, நான் சொல்லித்தான் தெரியும். அவங்க அப்பாவுக்குச் சொல்லி இனிமே என்ன பிரயோஜனம்?

"இப்ப புள்ளைங்க பாவம்" கோஷ்டிக்கு நேரமில்லை, ஆணி நிறைய இருக்கு. ஒண்ணே ஒண்ணு. எங்கக்கா பொண்ணு தெருமுனைக் கடை ஃப்ரீஸரைத் தொறந்து, கண்ணாடியில மூக்கை ஒட்ட வச்சு, அஞ்சு நிமிஷம் யோசிச்சு ஒரு பத்து ரூபா கோன் எடுக்குறா. இருபது வருஷம் கழிச்சு அந்தக் குளிர்ந்த கண்ணாடியைப் பத்தி அவ ஒரு பதிவு போடுவா, பாமாயில் கோனை நினைச்சு உருகுவா. நமக்கு அப்ப புரியாது.

போனை வைக்கும்போது, "அந்தப் பதிவைத் தூக்கிடவால?"ன்னு கேட்டேன். வேண்டாம்னுட்டான். அவங்க அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினானாம், சிரிச்சாராம். கரிச்ச ஐஸை நான் எழுதாம விட்டுட்டேன்னு சொன்னாராம். அவர் பேரை இப்ப எனக்குத் தெரியும். இங்க போடட்டுமான்னு கேட்டதுக்கு, "இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்கு?"ன்னு அவரே சொல்லிட்டார். அதனால போடலை.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டான். பதிவுல போட்டிருக்கிற சிவப்புப் பெட்டி படம் நான் இணையத்துல எங்கிருந்தோ எடுத்தது.

"எங்கப்பா பெட்டி பச்சைக் கலர்ல. வருஷா வருஷம் மாசி மாசம் நான்தான் பெயிண்ட் அடிப்பேன்."

படத்தை எடுத்தாச்சு. பச்சைப் பெட்டியோட போட்டோ எங்க ரெண்டு பேர்கிட்டயுமே இல்லை.